உப்புப் பார்க்காத குழம்பு

என் மகளுக்கு ஆறு வாரம் ஆனபோது அவளுடைய டயப்பரில் ரத்தம் பார்த்தேன். சளி மாதிரி இருந்ததில் சிவப்பாக ஒரு நூல். மனைவி சோபாவில் படுத்திருந்தாள். சிசேரியன் ஆகி ஆறு வாரமாகியும் எழுந்து உட்காரும்போது அவள் முகம் ஒரு கணம் சுருங்கும். அவளைக் கூப்பிடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். டாக்டர் கேட்பார் என்று தோன்றியது. அடுத்த சில மாதங்களில் என் போன் முழுக்க அப்படிப் படங்கள்தான் சேர்ந்தன. குழந்தையின் முகத்தைவிட அவளுடைய டயப்பரைத்தான் அதிகம் படம் பிடித்திருக்கிறேன்.

குடும்ப மருத்துவர் பதற்றப்படவில்லை. தாய் சாப்பிடுகிற பசும்பாலின் புரதம் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போகிறது, சில குழந்தைகளின் குடல் அதை ஏற்பதில்லை, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும் என்றார். ஒவ்வாமைக் குழந்தைகளுக்கான பவுடர் பாலுக்கு மாறலாம். இல்லையென்றால் தாய் பாலையும் சோயாவையும் முழுதாக நிறுத்தவேண்டும். மனைவி யோசிக்கவே இல்லை. "நிறுத்திடுறேன்" என்றாள். அன்று சாயங்காலமே ஃபிரிட்ஜில் இருந்த தயிர், நெய், சீஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எதிர் ஃபிளாட்டில் இருந்த மாணவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் ஆகியும் ரத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மருத்துவமனையில் உணவு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். வெள்ளைக்காரப் பெண்மணி, பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலம், கையில் பென்சில். முட்டை, கோதுமை, கடலை, முந்திரி, பாதாம் வகைக் கொட்டைகள் என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றின் மேலும் கோடு போட்டார்.

"அப்ப நான் என்னதான் சாப்பிடுறது?" என்று என் மனைவி தமிழில் என்னிடம் கேட்டாள். நான் மொழிபெயர்ப்பதற்குள் அந்தப் பெண்மணிக்குப் புரிந்துவிட்டது. தாளைத் திருப்பினார். மறுபக்கம் காலியாக இருந்தது. "இங்கே சாப்பிடக்கூடியதை எழுதப் போகிறோம். இந்தப் பக்கம்தான் முக்கியம்" என்றார். பிரசவத்தில் ரத்தம் போயிருக்கிறது, இரும்புச் சத்து குறைவு, அதனால் இறைச்சியும் மீனும் தினமும் இருக்கவேண்டும் என்றார். அரிசி, கிழங்கு, கீரை, தேங்காய், பழம், அதோடு கால்சியம் மாத்திரை. பாதி வயிறு சாப்பிட்டுக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். பால் எந்தெந்தப் பெயரில் எல்லாம் பாக்கெட்டுகளில் ஒளிந்திருக்கும் என்று பிரெஞ்சில் ஒரு பட்டியலும் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி அந்தத் தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வந்தாள். அவள் திண்டுக்கல்காரி. கறிச்சோறு இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவள் ஞாயிற்றுக்கிழமையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

"பரோட்டா போச்சு. ஆம்லெட் போச்சு. தயிர் போச்சு. ஆனா கறி இருக்கு, மீன் இருக்கு" என்றாள். "இங்க பாரு, நான் தியாகி மாதிரி கஞ்சியக் குடிச்சிட்டு மூலையில உக்காந்திருக்க மாட்டேன். எனக்கு நல்ல சாப்பாடு வேணும். நீதான் சமைக்கிற."

நான் பெற்றோர் விடுப்பில் இருந்தேன். ஊருக்கு வெளியே புவாண்ட்-கிளேரில் ஆபீஸ், திரும்பிப் போக இன்னும் நிறைய வாரங்கள் இருந்தன. எனக்குச் சமைக்கத் தெரிந்தது ரசம், உருளைக்கிழங்கு வறுவல், முட்டைப் பொடிமாஸ். அதில் ஒன்றில் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது.

நான்கு நாள் கழித்து என் அப்பா இறந்துபோனார்.

இங்கே காலை எட்டு மணி. அடுப்பில் ஆட்டு எலும்பு வெந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான். சாயங்காலக் காபியைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதையும் அங்கே சொன்னதையும் அவன் சொல்லிக்கொண்டே போனான். நான் "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் அடித்தது. எத்தனையாவது விசில் என்று எண்ணாமல் விட்டுவிட்டேன் என்பதுதான் அப்போது மனதில் ஓடியது.

என்னால் போகமுடியவில்லை. வேலை அனுமதி நீட்டிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தோம். அது வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. தையல் ஆறாத மனைவியையும் இரண்டு மாதக் குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேறு யாருமில்லை. இதையெல்லாம் நான் யாருக்கும் விளக்கவேண்டி வரவில்லை. "நீ வர வேணாம், நான் பாத்துக்கிறேன்" என்று தம்பியே சொல்லிவிட்டான். மறுநாள் காலை ஆறரை மணிக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனில் பார்த்தேன். தம்பியின் நண்பன் ஒருவன் போனைப் பிடித்திருந்தான். படம் நின்று நின்று வந்தது. தம்பி தோளில் குடத்தோடு சுற்றி வந்தான். ஒரு சுற்றில் படம் உறைந்துவிட்டது. மறுபடி வந்தபோது எல்லாம் முடிந்து எல்லோரும் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். மனைவி என் முதுகில் கை வைத்தாள். நான் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனேன்.

அழுகை வரவில்லை. வரும் என்று இரண்டு மூன்று நாள் காத்திருந்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு தாடை நம்முடையது மாதிரியே இருக்காதே, அது மாதிரி உடம்பு முழுக்க இருந்தது. ஆபீஸ் நண்பர்கள் ஆறுதல் அனுப்பினார்கள். ஒன்றுவிடாமல் எல்லோருக்கும் நன்றி என்று பதில் போட்டேன்.

மூன்றாம் நாள் அம்மா பேசினாள். குரல் கம்மியிருந்தது. அவள் கேட்ட முதல் கேள்வி, "அவ என்ன சாப்பிட்டா?"

"சோறும் பூசணிக்காயும்மா."

"கறி மீனு குடுக்கணும்னு டாக்டர் சொன்னாங்கன்னியே?"

"பதினாறு முடியட்டும்னு பாக்குறேன்."

அம்மாவுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. "பதினாறு உனக்குத்தான்டா. பச்ச உடம்புக்காரிக்கு என்ன இருக்கு? புள்ள அவகிட்ட குடிக்குது. உங்கப்பா இருந்தா உன்னத் திட்டுவாரு. ஆக்கிப் போடு" என்றாள். பிறகு, "நீ மட்டும் வாயில வைக்காத. உப்புக்கூடப் பாக்காத. அது போதும்" என்றாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. கொள்ளி தம்பி வைத்தான். மொட்டை அவன் போட்டுக்கொண்டான். அப்பாவுக்காக இத்தனை தூரத்திலிருந்து நான் செய்யமுடிந்தது ஒன்றே ஒன்று, சமைப்பதை ருசி பார்க்காமல் இருப்பது. அதைச் செய்தேன்.

சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு தமிழ்க் கடை. யாழ்ப்பாணத்துக்காரர் நடத்துகிறார், ஐம்பதைத் தாண்டியவர், மீன் வெட்டுவதும் அவரே. என்ன மீன் வாங்குவது என்று தெரியாமல் நின்றேன். பால் கொடுக்கிற மனைவிக்கு என்றதும் அவர் உற்சாகமாகிவிட்டார்.

"அப்ப பால்சுறா கொண்டு போங்கோ தம்பி. அவிச்சு உதிர்த்து வறுத்துக் குடுத்தால் நல்லாப் பால் சுரக்கும்."

பெயரிலேயே பால் இருக்கிறதே என்று ஒரு நொடி தயங்கினேன். அதைப் பார்த்துவிட்டு அவர், "பேர்தான் பால். சுறாவிலை மாட்டுப்பால் எங்கால வாறது?" என்று சிரித்தார். நான் சிரிக்கவேண்டிய இடம் அது என்று தெரிந்தது. சிரித்தேன். ஆனால் சுறாவில் பாதரசம் அதிகம், வேண்டாம் என்று உணவு ஆலோசகர் எழுதியிருந்தார். மத்தியும் சால்மனும் வாங்கிக்கொண்டேன். அவர் சரக்குத்தூள் ஒரு பாக்கெட் எடுத்து வந்தார். பிள்ளை பெற்றவர்களுக்கு அவர்கள் வைக்கும் கறிக்கான பொடி. நான் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், இஞ்சி, பூண்டு.

"மீனைத் தேங்காய்ப்பாலிலை சொதி வையுங்கோ. பசும்பால் ஒரு துளியும் தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டே செதில் எடுத்தார். பிறகு நிமிர்ந்து, "என்ன தாடி?" என்றார்.

"அப்பா தவறிட்டாங்க. போன வாரம்."

"போகேல்லையோ?"

"போக முடியல அண்ணை."

"ஓம்" என்றார். மீனைத் திருப்பிப் போட்டார். "நானும் என்ரை அப்பாவின்ரை செத்தவீட்டுக்குப் போகேல்லை. அப்ப ஒருத்தராலயும் போகேலாது." துண்டுகளைக் கழுவி இரட்டைப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஏதாவது தோன்றவேண்டும் என்று நினைத்தபடி பஸ்ஸுக்கு நின்றேன். பனி உருகி ரோட்டோரம் எல்லாம் கறுப்புச் சேறு. பஸ் வந்தது.

அந்தப் பதினாறு நாளில் நான் நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டேன் என்று மனைவி சொல்கிறாள். எலும்பு ரசம், ஈரல் மிளகு வறுவல், முருங்கைக்கீரை போட்ட கருவாட்டுக் குழம்பு. தேங்காய்ப்பாலில் மத்தி, சரக்குத்தூள் போட்ட கோழி. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதைப் படித்து அதைத் தூக்கிப் போட்டேன். இட்லி அரிசியை ஊறவைத்து, கோதுமை ரொட்டி இருந்த இடத்தில் இட்லியையும் புட்டையும் வைத்தேன். வாசனையை வைத்து மட்டும் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்று ஆச்சரியமாக இருந்தது. வெங்காயம் பச்சையா, வதங்கிவிட்டதா, மசாலா அடிப்பிடிக்கப் போகிறதா எல்லாம் மூக்குக்குத் தெரியும். உப்பு மட்டும் தெரியாது.

தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு நிற்பேன். ஒரு கையில் குழந்தை குடித்துக்கொண்டிருக்கும். மறு கையால் முதல் வாய் எடுத்து வைப்பாள்.

"உப்பு?"

"லேசா கம்மி."

மறுநாள் கொஞ்சம் கூட்டுவேன். "இன்னிக்குத் தூக்கல்" என்பாள். ஒரு வாரம் போனதும், "கரெக்டா இருக்கு" என்று மட்டும் வர ஆரம்பித்தது. கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்தையும் போனில் பார்த்தேன். அன்று நான் கறி சாப்பிடலாம் என்று அம்மா சொன்னாள். மனைவிக்கு வைத்த கோழியில் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். சூடாக இருந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. அதோடு மீண்டும் ருசி பார்க்கவே இல்லை. யாரும் தடுக்கவில்லை; எனக்குத்தான் தோன்றவில்லை. அவளுக்குச் சமைப்பேன், அவள் சாப்பிடுவதைப் பார்ப்பேன், பாத்திரம் கழுவுவேன், கழுவும் தொட்டி அருகில் நின்றபடியே இரண்டு துண்டு பிரெட்டில் ஜாம் தடவித் தின்பேன்.

குழந்தை நன்றாகிக்கொண்டு வந்தாள். மூன்று வாரமாக டயப்பரில் சிவப்பு இல்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று உணவு ஆலோசகர் போனில் சொன்னார். மனைவி பரோட்டாவைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தாள்.

அப்போதுதான் மறுபடி ரத்தம் வந்தது. முன்பைவிட அதிகம்.

முந்தின மூன்று நாளில் புதிதாக என்ன கொடுத்தேன் என்று யோசித்தேன். உருளைக்கிழங்கு மசியலுக்கு மார்ஜரின் வாங்கியிருந்தேன். தாவர எண்ணெயில் செய்தது என்று டப்பாவின் மேல் இலைப் படம் போட்டிருந்தது. எடுத்துத் திருப்பினேன். கடைசி வரிக்கு முந்தின வரியில் லாக்டோசேரம் என்று இருந்தது. பால் திரிந்த தண்ணீருக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். அந்தச் சொல் என் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது. கடையில் வைத்து இந்த வரியை நான் படித்தேன் என்பதும் நினைவிருக்கிறது. கண் அதைத் தொட்டுக்கொண்டு போனது. உள்ளே எதுவும் பதியவில்லை.

மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"நான்தான். படிச்சேன், ஆனா கவனிக்கல."

அவள் டப்பாவை வாங்கிப் படித்தாள். குழந்தையைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன். "சரி. மறுபடி மொதல்லருந்து நாள் எண்ணணும், அவ்வளவுதானே" என்றாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ கடைசியா எப்ப உக்காந்து சாப்பிட்ட?"

பதில் சொல்ல யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

"தினம் ஒரு ஆளுக்குத்தான் அரிசி போடுற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கறி உனக்குப் புடிக்கலையோன்னு இருந்தேன். அப்புறம் துக்கத்துல இருக்க, விடு, கேக்க வேணாம்னு இருந்தேன். தப்பு என்னுது" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒரு தட்டு எடுத்து, மத்தியானத்து மிச்சச் சோற்றில் கொஞ்சம் போட்டு, சட்டியிலிருந்த மத்திக் குழம்பை ஊற்றி, மேசைமேல் வைத்தாள். "உக்காரு."

உட்கார்ந்தேன். பிசைந்து ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. கொஞ்சம் குறைவு என்பதில்லை. போட மறந்தே போயிருக்கிறேன்.

"இதுல உப்பே இல்லையே" என்றேன்.

"ம்."

"மத்தியானம் கரெக்டா இருக்குன்ன?"

அவள் பால் கொடுக்கும் நாற்காலிப் பக்கம் போய், மெத்தைக்கு அடியில் கைவிட்டு, மகளுக்கு மருந்து வந்த சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து வந்தாள். அதில் பொடியுப்பு. "நீ அந்தப் பக்கம் திரும்புனதும் போட்டுக்குவேன். சில நாள் உப்புக்கரிக்கும், அன்னிக்கு வெறுஞ்சோறு கூடப் போட்டுக்குவேன். உன் மூஞ்சியப் பாத்தா கம்மின்னு சொல்ல மனசு வரல" என்றாள்.

உப்பைக் குழம்பில் தூவிப் பிசைந்து விட்டாள். அப்போதாவது அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. பசி வந்தது. அந்தச் சோறு தீர்ந்ததும் பானையைத் துழாவி மிச்சத்தையும் போட்டுச் சாப்பிட்டேன். அதுவும் போதவில்லை. அவள் இட்லி மாவு எடுத்து நான்கு இட்லி வைத்துக் கொடுத்தாள். அவள் தையல் போட்ட வயிற்றோடு குனிந்து இட்லிப் பானையைத் தூக்குவதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து உதவவேண்டும் என்பது சாப்பிட்டு முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கு அரிசி போட்டோம். ஒரே குழம்பு. நான் அவளுடைய பட்டியலுக்கு மாறிவிட்டேன். வீட்டில் இரண்டு விதமாகச் சாமான் இருந்தால்தானே தப்பு நடக்கும் என்றாள். அடுத்த முறை உணவு ஆலோசகரிடம் போனபோது, என் அப்பா இறந்ததையும் நான் சாப்பிடாமல் இருந்ததையும் அவள் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்மணி பென்சிலைக் கீழே வைத்தார். தகப்பன்மாரோடு பேசும் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், போகிறீர்களா என்று கேட்டார். போனேன். ஐந்தாறு முறை போயிருப்பேன். பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரும் அவசரப்படுத்தவில்லை.

கோடைகாலம் முழுக்கச் சோதனைதான். முதலில் கோதுமை. மூன்று நாள் சப்பாத்தி சாப்பிட்டு டயப்பரைப் பார்த்தோம். ஒன்றுமில்லை. அன்று மனைவி ஐந்து பரோட்டா சாப்பிட்டாள். பிறகு முட்டை, கடலை, சோயா. எதுவும் குழந்தையைத் தொந்தரவு செய்யவில்லை. பால் ஒன்றுதான் குற்றவாளி. அதை மட்டும் தள்ளிவைத்துவிட்டு மற்றதெல்லாம் சாப்பிட்டோம். தேங்காய்ப்பாலில் டீ போடவும் பழகினோம், அது நன்றாக இருக்காது. பத்தாவது மாதம், பிஸ்கட்டில் கலந்து வேகவைத்த பாலில் தொடங்கி, படிப்படியாகத் தயிர் வரைக்கும் மகளுக்கே கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரம். ரத்தம் வரவில்லை. தயிர் சாப்பிடலாம் என்றான பிறகு மகள் அதைத் துப்பிவிட்டாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலை அனுமதி இலையுதிர் காலத்தில் வந்தது. அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு நான் மட்டும் பன்னிரண்டு நாள் போய்வந்தேன். தம்பியோடு ஆற்றில் முங்கி எழுந்தேன், பிண்டம் வைத்தேன். அவருடைய செருப்பு வாசலில் இல்லை. யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அந்த இடத்தைப் பார்த்தபடி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அம்மா உள்ளேயிருந்து, "வெயில்ல ஏன் நிக்கிற?" என்றாள்.

திரும்பி வந்தபோது மனைவி குழந்தையோடு விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். நான் கை நீட்டினேன். மகள் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பன்னிரண்டு நாளில் என்னை மறந்திருந்தாள். மெட்ரோவில் எதிர் இருக்கையில் உட்கார வைத்து வேடிக்கை காட்டினேன். ஒரு கண்ணால் மட்டும் பார்த்தாள். வீட்டுக்கு வந்தும் வரவில்லை. மறுநாள் காலை நான் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்து, என் முழங்காலைப் பிடித்து நின்றாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்தாள்.